பாதுகாப்புத் திருத்தம் உடனே. புதுப் பதிப்பு நம் விருப்பப்படி

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கேசிசிஐ தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் மழை வரைபடத்தைக் காட்டி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று வரைபடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி தோன்றியது. விண்டோஸ் 10-க்கு மாறும்படி மைக்ரோசாப்ட் பரிந்துரைக்கிறது என்றது அது. அறிவிப்பாளர் சிரித்துச் சமாளித்து வேறு காட்சிக்குப் போனார். அந்தச் சில நொடிகள் உலகம் முழுக்கச் செய்தியாகின. ஏனென்றால் அதே பெட்டி அப்போது கோடிக்கணக்கான வீடுகளிலும் தோன்றிக்கொண்டிருந்தது.

கேட்காமல் வரும் அப்கிரேடு இன்றும் ஓயவில்லை. ஜிஎஸ்டி கணக்கை அவசரமாக அனுப்ப வேண்டிய நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் தேர்வுக்கான பிராஜெக்ட்டை பிரிண்ட் எடுக்கப் போனால் பிரிண்டரைக் காணவில்லை என்கிறது. எரிச்சலில் பலரும் எடுக்கும் முடிவு, அப்டேட்டையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடுவது. எரிச்சல் நியாயமானது, முடிவு ஆபத்தானது. எதை உடனே ஏற்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இரண்டு தொல்லையிலிருந்தும் தப்பலாம்.

இரண்டும் ஒன்றல்ல

விண்டோஸ் கணினிக்கு வருபவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தம். 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் இதை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பதே இதன் வேலை. கணினியின் தோற்றத்திலோ பழக்கத்திலோ பெரிய மாற்றம் இருக்காது.

மற்றொன்று, பதிப்பு மாற்றம். விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போவதும், விண்டோஸ் 11-க்குள்ளேயே ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புக்குப் போவதும் இந்த வகை. இதில் இயங்குதளத்தின் அடிப்படையே மாறலாம். மெனு இடம் மாறலாம், சில செட்டிங்ஸ் பழைய நிலைக்குத் திரும்பலாம், பழைய பிரிண்டரின் டிரைவர் வேலை செய்யாமல் போகலாம். முன்னது ஒழுகும் கூரையை அடைப்பது. பின்னது வீட்டின் அறைகளை இடித்து மாற்றிக் கட்டுவது. ஒழுகலை உடனே அடைக்க வேண்டும். வீட்டை எப்போது இடித்துக் கட்டுவது என்பதை அதில் குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பழைய மென்பொருளை நம்பித் தொழில் செய்பவருக்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களை வைத்து அதில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கு, முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் இயங்குதளம் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவப்புப் பெருக்கல் குறியின் கதை

நம்பிக்கை எங்கே உடைந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய எரிச்சல் புரியும். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவசம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே, கேபி3035583 என்ற எண்ணில் ஓர் அப்டேட் வழக்கமான திருத்தங்களோடு சேர்ந்து வீட்டுக் கணினிகளில் இறங்கியிருந்தது. அதன் வேலை எந்த ஓட்டையையும் அடைப்பதல்ல. 'கெட் விண்டோஸ் 10' என்ற அழைப்பைத் திரையின் மூலையில் உட்கார வைப்பது.

கேட்காதவர்களின் கணினியிலும் புதிய பதிப்பின் கோப்புகள் முன்கூட்டியே இறங்கின. அளவு 6 ஜிபி வரை போனது. ஜியோ வருவதற்கு முந்தைய காலம் அது. டேட்டா கார்டில் ஒவ்வொரு ஜிபிக்கும் நூற்றுக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருந்த நம் ஊர்க்காரருக்கு அந்த 'இலவசம்' எவ்வளவு செலவு வைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2016 மே மாதம் வந்த பெட்டி இன்னும் மோசம். இந்தக் கணினி இன்ன தேதியில், இன்ன நேரத்தில் விண்டோஸ் 10-க்கு மாற்றப்பட இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று 'ஓகே', இன்னொன்று 'இப்போதே அப்கிரேடு செய்'. வேண்டாம் என்று சொல்லப் பொத்தானே கிடையாது. தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ விரும்பினால், நடுவே பொடி எழுத்து வரி ஒன்றில் 'இங்கே' என்றிருந்த ஒற்றைச் சொல்லைத் தேடி அழுத்த வேண்டும். பெரும்பாலோர் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் மேல் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினார்கள். மூடினால் வேண்டாம் என்று அர்த்தம். கணினி உலகம் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருந்தது. அந்தப் பெட்டியோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. குறித்த நேரத்தில் அப்கிரேடு தொடங்கியது.

எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாப்ட் பெட்டியை மாற்றியது. மறுக்கும் வழி வெளிப்படையாகத் தெரியும்படி வைத்தது. கலிஃபோர்னியாவில் சுற்றுலா முகவர் தொழில் செய்த ஒரு பெண், தாம் கேட்காத அப்கிரேடால் கணினி பல நாள் முடங்கியதென்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், நிறுவனத்தின் சந்தைப் பிரிவுத் தலைவர் கிறிஸ் கபோசெலா அந்தப் பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிப் போய்விட்டோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும்?

பாதுகாப்புத் திருத்தம் வரும் வாசல் வழியாகவே விளம்பரமும் வந்தால், மக்கள் அந்த வாசலையே சாத்திவிடுவார்கள். அன்று பலர் விண்டோஸ் அப்டேட் சேவையையே முடக்கினார்கள். அப்படிச் சாத்துவதில் என்ன ஆபத்து என்பதை அடுத்த ஆண்டே உலகம் பார்த்தது.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்தது. அதைப் போடாத கணினிகளுக்குள் மே 12 அன்று 'வான்னகிரை' என்ற பிணைத்தொகை வைரஸ் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையின் 236 அமைப்புகளில் குறைந்தது 81 தடுமாறின. நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான மருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

புதுப் பதிப்புக்கு அவசரப்படுவதும் ஆபத்துதான். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலரின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாள்களிலேயே விநியோகத்தை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். முதல் வாரம் பொறுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை பேக்கப். குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கணக்குகள் எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகலாக இருக்கட்டும். நகல் எடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பிணைத்தொகை வைரஸ் வந்தால் இணைத்திருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும்.

அடுத்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பாஸ்' என்ற வசதி இருக்கும். வாரக் கணக்கில், அதிகபட்சம் 35 நாள் வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம். தேர்வு, கணக்கு முடிப்பு போன்ற நெருக்கடி நாள்களுக்கு இது போதும். ஆனால் இது பாதுகாப்புத் திருத்தத்தையும் சேர்த்தே நிறுத்தும் என்பதால் வேலை முடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைபவர்கள் அந்த வைஃபை இணைப்பை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று குறித்துவைத்தால் பெரிய கோப்புகள் கேட்காமல் இறங்காது.

விண்டோஸ் 11-இல் அதே பக்கத்தில், புதியவற்றை எல்லாருக்கும் முன்பாகப் பெறுவதற்கான ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தே வையுங்கள். புதிய பதிப்பு தயார் என்று வந்தால் 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்' என்பதை அழுத்த அவசரம் வேண்டாம். உங்கள் பிரிண்டர், டேலி, தமிழ் டைப்பிங் மென்பொருள் ஆகியவை புதிய பதிப்பில் ஓடுகின்றனவா என்று தெரிந்துகொண்டு, ஒரு விடுமுறை நாளில் செய்யுங்கள். புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசி வழியாக, குறிப்பிட்ட பதிப்பிலேயே நிற்கும்படி கணினிக்குக் கட்டளையிடலாம். ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை; உங்கள் பதிப்பின் ஆதரவுக் காலம் முடியும் தறுவாயில் அடுத்தது தானாகவே வரும்.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிகவரி பகுதிக்குப் போய் 'கோ பேக்' அழுத்தினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதற்கு 10 நாள்தான் கெடு. அதுவரை டிஸ்கில் இடம் காலி செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 10 கணினிகளின் நிலை

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளோ அதிகம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுக் கணினிகளுக்கு இந்தத் தகுதி கிடையாது. அவற்றில் ஓடும் நிலையில் இருப்பவற்றைக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. அந்தக் காலம் தாண்டியும் பழைய கணினியையே பயன்படுத்த நினைப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்குப் போகலாம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிறுவலாம். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்பவர்களுக்கு அது தாராளம்.

இந்தக் குழப்பத்தில் மீன்பிடிக்க மோசடிக்காரர்களும் காத்திருக்கிறார்கள். இணையத்தில் உலாவும்போது, உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று திரை முழுக்க எச்சரிக்கை வந்தால் அது பொய். மைக்ரோசாப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. எண்ணை அழைக்காதீர்கள், பிரவுசரை மூடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

மென்பொருள் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு. பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும், புதுப் பதிப்பைத் தனியாகவும் கொடுங்கள். 'வேண்டாம்' என்பதற்கு ஒரு தெளிவான பொத்தான் வையுங்கள். நாம் செய்ய வேண்டியதும் எளிதுதான். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் கழிந்த ஏழெட்டு நாளுக்குள் பாதுகாப்புத் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள். புதுப் பதிப்பு வந்தால், பேக்கப் எடுத்து, விசாரித்து, உங்களுக்கு வசதியான நாளில் மாறுங்கள்.