குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையில் செவிலியர்

1978 ஜூலை 25ஆம் நாள், இங்கிலாந்தின் ஓல்டாம் நகர மருத்துவமனையில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இச்சாதனையை நினைக்கும்போது ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகிய இருவரையே பலரும் நினைக்கின்றனர். அவர்களுடன் உழைத்த மூன்றாமவர் ஜீன் பர்டி. இவர் செவிலியர் பயிற்சி பெற்றவர். ஆய்வுக்கூடத்தில் கருவை வளர்க்கும் பணியையும் கற்றுத் தேர்ந்தவர்.

இத்தகைய சிகிச்சையில் செவிலியரின் பணி ஏன் கடினமானது? மூன்று காரணங்களைக் காண்போம்.

முதலாவது, காலக் கணக்கு. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்னும் ஹார்மோன் திடீரெனப் பெருகிய பின், ஏறத்தாழ 36 மணி நேரத்தில் சினைமுட்டை வெளிப்பட்டுவிடும். அதற்குச் சற்று முன்னரே அதை எடுத்தாக வேண்டும். ஓல்டாமில் இதை அறிய மூன்று மணிக்கு ஒரு முறை சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். இரவென்றும் பகலென்றும் பார்க்க இயலாது. இன்று ஊசி மருந்தால் இந்நேரத்தை நாமே வகுக்கலாம். புதன் காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதாயின், திங்கள் இரவு 9 மணியளவில் ஊசி போட வேண்டும். பல பெண்கள் வீட்டில் தாமே போட்டுக்கொள்கின்றனர். பதற்றத்தில் நேரம் தவறினால் பல நாள் சிகிச்சை வீணாகும். ஆகவே, அவர்களுக்குப் பொறுமையுடன் கற்பிப்பது செவிலியரின் கடமை. வயிறு உப்புதல், சிறுநீர் குறைதல், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே வரவேண்டும் என்பதையும் அவரே சொல்லித்தர வேண்டும். மருந்தால் சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டதற்கு இவை அறிகுறிகள்.

இரண்டாவது, இரகசியம் காத்தல். குறை மனைவியிடம் இருக்கலாம், கணவனிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். சிலருக்குக் காரணமே புலப்படாது. 'மலடன்' என்ற சொல்லும் நம் மொழியில் உண்டு. ஆயினும் வசை விழுவதென்னவோ பெண்ணின் மீதுதான். உடன் வரும் மாமியாரோ நாத்தனாரோ, "யாரிடம் குறை?" என்று செவிலியரைத் தனியே கேட்பதுண்டு. சோதனை முடிவு தம்பதியருக்கே உரியது. கேட்பவர் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, அவர் மறுக்க வேண்டும்.

மூன்றாவது, மிகக் கடினமானது: தோல்வியைச் சொல்வது. 1969 முதல் 1978 வரை எட்வர்ட்ஸ் குழுவிடம் சிகிச்சை பெற்ற பெண்கள் 282 பேர். பிறந்த குழந்தைகளோ இரண்டே. இன்று நிலை பெரிதும் முன்னேறியுள்ளது. எனினும், முயற்சிகளில் பெரும்பகுதி இன்றும் தோல்வியிலேயே முடிகிறது. கருவைக் கருப்பையில் வைத்து, ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின் இரத்தச் சோதனை. அம்முடிவைச் சொல்லும் பொறுப்பு பல இடங்களில் செவிலியருடையது. "அடுத்த முறை நிச்சயம்" என்பது ஆறுதல்போல் ஒலிக்கும். ஆனால் அது உண்மையன்று. நகையை அடகு வைத்து வந்தவரை அது மீண்டும் கடனில் தள்ளக்கூடும். அதற்காக நம்பிக்கையை முற்றிலும் வெட்டிவிடுவதும் தகாது. முடிவைத் தெளிவாகச் சொல்லி, அழ இடங்கொடுத்து, இனி உள்ள வழிகளை மருத்துவரிடம் கேட்டறியத் துணைநிற்பதே நேர்மையான பணி. சிகிச்சையை நிறுத்திக்கொள்வதும் அவ்வழிகளுள் ஒன்றாகும்.

ஜீன் பர்டி 1985இல், 39ஆம் வயதில் காலமானார். ஓல்டாமில் முதலில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயர் இல்லை. அதைச் சேர்க்கும்படி எட்வர்ட்ஸ் எழுதிய கடிதங்கள் 2019இல் வெளியாயின. பிறந்த குழந்தைகளை உலகம் எண்ணுகிறது. பிறக்காமற்போன வேளைகளில் உடனிருந்தவரையும் எண்ணிப் பார்ப்பது நம் கடன்.