மண்முனைப்பற்றுப் பிரதேச சபை: தேர்தல் முடிவை வாசிக்கும் முறை

தேர்தல் முடிவு வெளியானதும் எக்கட்சி எத்தனை வட்டாரங்களை வென்றது என்றே நாம் முதலில் எண்ணுகிறோம். ஆரையம்பதியை உள்ளடக்கிய மண்முனைப்பற்றுப் பிரதேச சபைக்கு இஃது அரைக்கணக்கே. 2018 பெப்ரவரி 10-இலும் 2025 மே 6-இலும் பின்பற்றப்பட்ட கலப்பு முறையில் உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். எனினும் கட்சியின் பங்கை நிர்ணயிப்பது சபை முழுவதிலும் அது பெற்ற வாக்குத் தொகையே.

பத்து உறுப்பினர் கொண்ட சபையொன்றில் 5,000 செல்லுபடியான வாக்குகள் எனக் கொள்வோம். 500 வாக்குக்கு ஓர் ஆசனம். 1,500 வாக்குப் பெற்ற கட்சி ஒரு வட்டாரத்தை மட்டும் வென்றிருப்பின், எஞ்சிய இரண்டு ஆசனங்களும் பட்டியலால் கிட்டும். நான்கு வட்டாரங்களை வென்றிருப்பின் மிகையான ஆசனம் பறிக்கப்படுவதில்லை; சபையே பெருக்கிறது.

தமிழர் வாழும் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் ஆகியனவும் முஸ்லிம்கள் வாழும் பாலமுனை, காங்கேயனோடை ஆகியனவும் ஒரே சபையின் கீழ் அமைந்துள்ளன. வட்டாரத்தில் தோற்ற சிறுதொகையினரின் வாக்கும் இங்கு கணக்கிற் சேர்வதை இம்முறையின் சிறப்பாகவே நாம் கருதுகிறோம். குறையும் அதனுடனேயே பிறக்கிறது. எக்கட்சியும் பாதிக்கு மேல் ஆசனம் பெறாவிடின், தவிசாளரை உறுப்பினரே வாக்களித்துத் தெரிவர். வாக்களிப்புப் பகிரங்கமா, இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பர். வாக்குகள் சமமாயின் திருவுளச்சீட்டு!