வறுத்த தீனி தின்ற எலிகள்! சுரங்க விஷத்தில் அவிழ்ந்த மர்ம முடிச்சு

பசு மாடுகள் நடக்க முடியாமல் தள்ளாடி விழுந்தன. ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. 1997-ம் ஆண்டு சுவீடன் நாட்டின் தென்பகுதியைக் கதிகலங்க வைத்த சம்பவம் இது.

அங்கே ஹாலண்ட்சோஸ் மலையைக் குடைந்து ரெயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதை அடைக்க ஒரு ரசாயனக் கலவையை உள்ளே செலுத்தினார்கள். அதில் இருந்தது அக்ரிலமைடு. கலவை சரியாக இறுகவில்லை. விஷம் ஓடையில் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகளுக்குத்தான் இந்தக் கதி! அந்த வட்டாரத்துப் பாலைச் சீந்துவார் இல்லை. (அந்தச் சுரங்கத்தில் ரெயில் ஓடியது 2015 டிசம்பரில்தான்.)

தொழிலாளர்கள் சிலருக்குக் கை, கால் மரத்துப்போனது. ரத்தத்தைச் சோதித்தார்கள்.

சம்பந்தம் இல்லாதவர் ரத்தத்திலும்...

இங்கேதான் கேஸ் திரும்பியது. ஒப்பிட்டுப் பார்க்க, சுரங்கத்துப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடு தடயம்! அளவு குறைவு. ஆனாலும் இருந்தது. எப்படி வந்தது?

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் பெண் விஞ்ஞானி மார்கரேட்டா டோர்ன்க்விஸ்ட் குழு துப்புத் துலக்கியது. அடுப்பங்கரை மேல் சந்தேகம் விழுந்தது. சில எலிகளுக்கு வழக்கமான தீனி கொடுத்தார்கள். வேறு சில எலிகளுக்கு அதே தீனியை வறுத்துப் போட்டார்கள். இரண்டே மாதத்துக்குள் வறுத்த தீனி தின்ற எலிகளின் ரத்தத்தில் தடயம் எகிறியது! 2000-ல் இது வெளியானது. 2002 ஏப்ரலில் சிப்ஸிலும் ரொட்டியிலும் இந்தப் பொருள் இருப்பதை சுவீடன் உணவுத் துறை அறிவிக்க, உலகமே திடுக்கிட்டது.

யாரும் கலப்படம் செய்யவில்லை. உருளைக்கிழங்கு, தானியங்களில் அஸ்பரஜின் என்ற சத்து உண்டு. அதுவும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூடானால் தானாகவே அக்ரிலமைடு உண்டாகிறது. அவித்தால் அநேகமாக வராது. இட்லிப் பிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம்!

புற்றுநோய் வருமா?

தண்ணீரில் கலந்து 2 ஆண்டு கொடுத்ததில் எலிகளுக்குத் தைராய்டிலும் மார்பிலும் கட்டிகள் வந்தன. உடலுக்குள் போனதும் இது கிளைசிடமைடு என்ற பொருளாக மாறி, மரபணுவிலேயே ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் ஒன்று. எலிகளுக்குக் கொடுத்த அளவு, நாம் சாப்பாட்டில் சேர்ப்பதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. சாப்பாட்டு வழியாக மனிதருக்குப் புற்றுநோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. அதற்காக விட்டுவிடவும் இல்லை. 2018 முதல் ஐரோப்பாவில் சிப்ஸ் கம்பெனிகள் இதைக் குறைத்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

வீட்டில் வறுக்கும்போது பொன்னிறத்தோடு இறக்கிவிடுங்கள். கருகியதைத் தள்ளுங்கள். வறுக்கப்போகிற உருளைக்கிழங்கை பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதற்குச் சர்க்கரை ஏறிவிடும்.