மின்கட்டணக் கணக்கு

இரண்டு திங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுப்பவர் வீட்டிற்கு வந்து செல்கிறார். அவர் குறித்துச் சென்ற தொகை எதிர்பார்த்ததினும் மிகுந்திருப்பின், அன்று மாலையே வீட்டில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். கூடத்து விளக்கை அணைக்காமல் சென்றவர் யார் என்ற வினா எழும். பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களே குற்றவாளிகளாக நிற்பர். தேர்வுக்காக நெடுநேரம் கண்விழித்துப் படித்த மாணவன்மீதும் பழி வந்து சேரும். அதே வேளையில், குளியலறையில் கீசர் என வழங்கும் நீர்சூடாக்கியின் சிறிய சிவப்பு விளக்கு அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதனை எவரும் நோக்குவதில்லை.

விளக்கு கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அதன்மேல் பழி சுமத்துவது எளிது. ஆயின், மின்சாரத்தின் செலவைக் கண்ணால் அறிய முடியாது. கணக்கினால்தான் அறிய முடியும். அக்கணக்கு கடினமானதும் அன்று.

ஒரு கருவி எவ்வளவு விரைவாக மின்னாற்றலைச் செலவிடுகிறது என்பதைக் காட்டும் அளவு வாட் எனப்படும். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞரின் பெயரையே அவ்வளவிற்கு இட்டனர். ஒவ்வொரு மின்கருவியிலும் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். 1000 வாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்குமானால், ஓர் அலகு மின்சாரம் செலவாகும். மக்கள் வழக்கில் யூனிட் என்பது இதுவே. எனவே, செலவை முடிவுசெய்வன இரண்டு: ஒன்று கருவியின் வாட், மற்றொன்று அது இயங்கும் நேரம். இவ்விரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அலகு கிடைத்துவிடும்.

மேற்கூறிய மாணவனின் வழக்கை இக்கணக்கினால் ஆராயலாம். அவன் படிப்பது 9 வாட் எல்.இ.டி. விளக்கின் ஒளியில் என்று கொள்வோமாக. நாள்தோறும் 4 மணி நேரம் எரிந்தாலும், 60 நாள்களில் அவ்விளக்கு உட்கொள்வது இரண்டு அலகுக்குச் சற்றே மிகுதி. 2000 வாட் நீர்சூடாக்கியோ ஒரு மணி நேரத்திலேயே இரண்டு அலகை முடித்துவிடும். மாணவன் இரண்டு திங்கள் படித்ததற்கு ஆன செலவும், நீர்சூடாக்கி ஒரு மணி நேரம் இயங்கியதற்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றே.

நீரைச் சூடாக்குவதற்கு ஏன் இத்துணை ஆற்றல் வேண்டும்? பொருள்களுள் நீர் வெப்பத்தை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையது. 15 லிட்டர் நீரின் வெப்பநிலையை 35 பாகை உயர்த்துவதற்கு ஏறக்குறைய 0.6 அலகு வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு அந்த நீரை மேலே தூக்குவதானால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடலாம். இது எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கினும் மிகுதி. ஒருவர் குளிக்கும் ஒரு வாளி வெந்நீரில் இத்துணை ஆற்றல் அடங்கியிருப்பது வியப்பே. பொருள்களை அசைப்பதற்கும் ஒளியைத் தருவதற்கும் சிறிது மின்சாரம் போதும். வெப்பத்தை உண்டாக்குவதற்கும், வெப்பத்தை அகற்றிக் குளிரச் செய்வதற்குமே பெருமளவு மின்சாரம் தேவைப்படுகிறது. பழைய 60 வாட் குமிழ் விளக்கு வழக்கொழிந்ததற்கும் இதுவே காரணம். அது விளக்கு என்னும் பெயரைத் தாங்கிய அடுப்பாகவே இருந்தது. உட்கொண்ட மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிட்டது.

இனி, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு உள்ளன. அவை இயங்கும் நேரத்தைக் கூட்டினால் நாளொன்றுக்கு 40 மணி ஆகிறது. செலவு 3 அலகு. பழைய சோக்குடன் கூடிய குழல் விளக்குகள் நான்கு, ஒவ்வொன்றும் 50 வாட். அவை தலைக்கு 5 மணி நேரம் எரிவதால் ஆவது 1 அலகு. குளிர்பதனப் பெட்டிக்கு 1 அலகு. நீர்சூடாக்கி முக்கால் மணி நேரம் இயங்க ஒன்றரை அலகு. கிணற்று மோட்டாருக்கு 1 அலகு. தொலைக்காட்சி, சலவை எந்திரம், மிக்சி, இஸ்திரிப் பெட்டி முதலிய யாவற்றிற்கும் சேர்த்து ஒன்றேகால் அலகு. ஆக மொத்தம் 8.75 அலகு. 60 நாள்களுக்கு 525 அலகு.

இக்கணக்கில் விளக்குகளின் பங்கு எட்டில் ஒன்றுக்கும் குறைவு. விசிறிகளும் நீர்சூடாக்கியும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. விசிறியின் வாட் சிறிது. எனினும் அது ஓயாது சுழல்கிறது. நீர்சூடாக்கி இயங்கும் நேரம் சிறிது. எனினும் அதன் வாட் பெரிது.

525 என்னும் எண்ணில் வேறொரு நுட்பமும் உண்டு. கடையில் அரிசி வாங்கும்போது முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் விலை ஒன்றே. மின்சாரத்தின் விலை அத்தகையதன்று. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 அலகுகளைக் கட்டணமின்றி வழங்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. அதற்குமேல் செல்லச் செல்ல, ஏணிப்படிபோல் விலை ஏறும். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அட்டவணை இதற்குத் தக்க சான்றாகும். அதன்படி, 500 அலகுக்குள் நின்றவர்களுக்கு இரண்டாவது நூறு அலகுக்கு ரூ. 2.25 வீதமும், அடுத்த இருநூறுக்கு ரூ. 4.50 வீதமும், ஐந்தாவது நூறுக்கு ரூ. 6 வீதமும் கணக்கிடப்பட்டது. 500-ஐக் கடந்தவர்களுக்கோ, கடந்த அலகுகளுக்கு ரூ. 8 என்று விலை ஏறியதோடு, இரண்டாவது நூறுக்கு உரிய சலுகையும் நீங்கி அதுவும் ரூ. 4.50 ஆயிற்று.

அதாவது, சரியாக 500 அலகு செலவிட்ட வீட்டின் கட்டணம் ரூ. 1725. ஓர் அலகு மிகுந்து 501 ஆயின், கட்டணம் ரூ. 1958. அந்த ஓர் அலகின் விலை ரூ. 233! மேலே கண்ட குடும்பம் 525 அலகுக்குக் கட்ட வேண்டியிருந்தது ரூ. 2150. கடைசி 25 அலகுகளைத் தவிர்த்திருந்தால் ரூ. 425 மிஞ்சியிருக்கும், அலகு ஒன்றுக்கு ரூ. 17 வீதம். ஆகவே, சிக்கனத்தின் பயன் எல்லா வீட்டிலும் ஒரே அளவாக இராது. எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் சிறிய சேமிப்பும் பெரும்பயன் தரும். கட்டண விகிதங்கள் 2024-ஆம் ஆண்டில் மீண்டும் உயர்ந்தன; அவை காலந்தோறும் மாறுவன. ஆதலின், தம் வீட்டிற்குக் கணக்கிட விழைபவர் அவ்வப்போதுள்ள அட்டவணையைக் கையில் கொண்டே கணக்கிடல் வேண்டும்.

அக்குடும்பம் செய்யத்தக்கது யாது? முதலாவது, காசு செலவில்லாத வழி. நீர்சூடாக்கியை விடியற்காலையிலேயே முடுக்கிவிட்டு, ஒருவர் ஆறு மணிக்கும் மற்றொருவர் ஏழரை மணிக்குமாகக் குளிப்பதால், சூடான நீர் இடையில் ஆறி மீண்டும் சூடேற்றப்படுகிறது. அனைவரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு உடனே அணைத்துவிடுவாராயின், முக்கால் மணி அரை மணியாகும். நாளொன்றுக்கு அரை அலகு மிஞ்சினால், இரண்டு திங்களில் 30 அலகு மிஞ்சும். 525 என்பது 495 ஆகிக் கட்டணம் ரூ. 1695-க்கு இறங்கும். இதற்காக ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. சித்திரை வைகாசித் திங்கள்களில் மொட்டை மாடித் தொட்டியின் நீர் பிற்பகலில் தானே கொதித்துக் கிடக்கும். அக்காலத்தில் நீர்சூடாக்கியை நாடுவது வெயிலுக்கு வெளிச்சம் காட்டுவதாகும்.

அடுத்து, சிறிது செலவு வேண்டுவன. பழைய குழல் விளக்குகளை நீக்கி 20 வாட் எல்.இ.டி. குழல்களை அமைத்தால் 36 அலகு குறையும். விசிறியிலோ இதனினும் பெரும்பயன் உண்டு. பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் பொருத்திய விசிறி ஏறத்தாழ 30 வாட்டிலேயே அதே காற்றைத் தருகிறது. நான்கு விசிறிகளையும் மாற்றினால் 108 அலகு குறையும். இவையெல்லாம் சேர்ந்தால் 525 அலகு 351 ஆகும். 2022-ஆம் ஆண்டின் விகிதப்படி ரூ. 2150 என்பது ரூ. 904.50 ஆகும். நான்கையும் ஒருங்கே வாங்குதல் எல்லார்க்கும் இயலாது, வாங்கவும் வேண்டா. எந்நேரமும் சுழலும் விசிறியை முதலில் மாற்றினால் போதும். எப்போதோ ஒருமுறை இயங்கும் விருந்தினர் அறை விசிறியை மாற்றுவதால் வரும் ஆதாயம் அதன் விலையை ஈடுசெய்யப் பல்லாண்டு ஆகும்.

விசிறியின் வேகத்தைக் குறைக்கும் கருவியையும் கவனித்தல் நன்று. பழைய பெட்டி வடிவக் கருவி, வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்கும். அதனருகே கையைக் கொண்டு சென்றாலே சூடு தெரியும். இக்காலத்துச் சிறிய மின்னணுக் கருவியில் அவ்விழப்பு மிகக் குறைவு.

குளிர்சாதனம் உள்ள வீட்டின் கணக்கு வேறு. அது ஓர் இரவில் ஆறு அலகுகளையும் அதற்கு மேலும் உட்கொள்ளக்கூடும். மற்றைக் கருவிகளில் செய்யும் சிக்கனமெல்லாம் அதன் முன் சிறுத்துவிடும். வெப்பநிலையை 18 பாகையில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உறங்குவோரும் உளர்! ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் யாவும், முடுக்கியவுடன் 24 பாகையில் இயங்குமாறு அமைக்கப்படவேண்டும் என்ற விதி 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் ஒரு விசிறியும் மெல்லச் சுழன்றால் 26 பாகையும் இதமாகவே இருக்கும். கருவி வாங்கும்போது நட்சத்திரங்களை எண்ணுவதோடு, அந்தச் சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டையும் பார்த்தல் வேண்டும். தரத்தின் அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், முன்னாள் ஐந்து நட்சத்திரம் இந்நாள் ஐந்து நட்சத்திரத்திற்கு நிகராகாது.

சிக்கனம் என்னும் பெயரால் செய்யப்படும் சில செயல்கள் பயனற்றவை. இரவில் குளிர்பதனப் பெட்டியை அணைத்துவைப்பது அவற்றுள் ஒன்று. காலையில் உள்ளே ஏறிய வெப்பத்தை வெளியேற்ற அது மீண்டும் நெடுநேரம் உழைக்க நேரும். பாலும் குழம்பும் கெட்டால் மிஞ்சிய காசும் போய்விடும். மாறாக, சூடான பண்டத்தை ஆறவிட்டு உள்ளே வைப்பதும், கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் மாற்றுவதும், பெட்டியின் பின்புறம் காற்றோட்டம் இருக்குமாறு சுவரினின்று தள்ளிவைப்பதும் பயன் தருவன. அவ்வாறே, பொருத்தினால் கட்டணம் பாதியாகும் என்பதுபோல் விளம்பரம் செய்து விற்கப்படும் மின்சேமிப்புப் பெட்டிகளும் உள்ளன; சுவர்ப் பிளக்கில் செருகினால் போதும் என்பர். அவற்றுள் இருப்பது பெரும்பாலும் ஒரு மின்தேக்கியே. வீட்டு மின்னளவி உண்மையில் செலவான ஆற்றலையே கணக்கிடுவதால், அப்பெட்டியால் கட்டணம் குறைவதில்லை. புழுக்கமான இரவில் முதியோரும் குழந்தைகளும் உறங்கும் அறையில் விசிறியை நிறுத்துவதையும் சிக்கனம் எனல் தகாது. பழைய விசிறியேயாயினும் எட்டு மணி நேரத்திற்கு 0.6 அலகே செலவாகும். உறக்கம் கெட்ட உடலுக்கு ஆகும் செலவு அதனினும் பெரிது.

ஒழுகும் குழாயும் மின்கட்டணத்தை ஏற்றும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுகிய நீரை மீண்டும் மேலேற்ற மோட்டார் அல்லவா இயங்க வேண்டும்?

இவையனைத்தையும் நேரில் சோதித்தறிய வீட்டிலேயே ஒரு கருவி உண்டு, மின்னளவியே அது. புதுவகை அளவிகளில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். ஓர் அலகுக்கு அது எத்தனை முறை ஒளிரும் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண் 3200 என்று கொண்டால், 2000 வாட் நீர்சூடாக்கி மட்டும் இயங்கும்போது அவ்விளக்கு நிமிடத்திற்கு 107 முறை துடிக்கும். 9 வாட் விளக்கு மட்டும் எரியும்போதோ இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறையே துடிக்கும். அளவியைத் தொடாமல், எட்ட நின்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் போதும். கணக்கெடுத்த நாளிலிருந்து ஐம்பதாம் நாள் அளவியின் எண்ணைக் குறித்துக்கொண்டால், எல்லைக்கு இன்னும் எத்தனை அலகு உள்ளது என்பதும் விளங்கும். மீதியுள்ள பத்து நாள்களில் எதனைக் குறைக்கலாம் என்று முன்னரே முடிவு செய்யலாம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பின்னரும் அவ்விளக்கு தொடர்ந்து துடிக்குமாயின், கம்பியில் எங்கோ மின்கசிவு உளது என்று கொள்ளல் வேண்டும். அது கட்டணத்தை மட்டுமன்றி உயிரையும் தொடும் செய்தியாதலால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அன்றே அழைத்துக் காட்டுதல் வேண்டும்.