ஆறும் அம்மையும்: ஒரு வழக்கறிஞரின் வரலாறு

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வோர், செலவு செய்தவர் நல்லவரா என்று கேட்பதில்லை. ரசீது எங்கே என்றே கேட்பர். இவ்விதி பொது வாழ்விற்கும் எத்துணை இன்றியமையாதது என்பதை அமெரிக்க வழக்கறிஞர் இராபர்ட் எப். கென்னடி இளையவரின் வரலாறு நன்கு விளக்குகிறது.

இவர் 1954இல் பிறந்தவர்; குடியரசுத் தலைவராயிருந்த ஜான் கென்னடியின் தம்பி மகன். தந்தையார் 1968இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது இவருக்கு வயது 14. இளமையில் போதைப் பழக்கத்திற்கு ஆளாகி, 1984இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஹட்சன் ஆற்றுப் பணிக்கு வந்தது அதன் பின்னரே.

அவ்வாற்றின் கதை கூட்டுறவாளர்க்கு உவப்பானது. கழிவாலும் எண்ணெயாலும் ஆறு கெட்டு மீன்பிடி தொழில் நலியவே, 1966இல் மீனவர்களும் ஆர்வலர்களும் கூடிச் சங்கம் அமைத்தனர். ஆற்றில் கழிவு கொட்டுவோரைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு அபராதத்தில் பாதியை அளிக்கலாம் என்று 1899ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறியிருந்தது. மறந்து கிடந்த அச்சட்டத்தைச் சங்கம் கையில் எடுத்தது. பின்னாளில் ‘ரிவர்கீப்பர்’ எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பிற்காகக் கென்னடி பல வழக்குகளை நடத்தினார்.

1997ஆம் ஆண்டு நியூயார்க் நீர்ப்பிடிப்பு உடன்படிக்கையை உருவாக்கியவருள் இவரும் ஒருவர். பெருஞ்செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, மலைப்பகுதி நிலங்களை வாங்கியும், சாணமும் உரமும் ஓடையில் கலவாதிருக்க உழவர்க்குப் பொருளுதவி செய்தும் நகரம் தன் குடிநீரைக் காத்துக்கொண்டது. இங்கெல்லாம் அவருக்குத் துணை நின்றவை நீரின் சோதனை முடிவுகளும் சட்டமுமே.

2005இல் அவர் வேறு துறையில் இறங்கினார். தடுப்பூசி மருந்தில் கெடாதிருக்கச் சேர்க்கப்பட்ட பாதரசக் கலவையால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு உண்டாகிறது என்றும், அதனை அரசு மறைக்கிறது என்றும் கட்டுரை எழுதினார். அதனை வெளியிட்ட இதழ்களுள் ஒன்று, பிழை மலிந்தது எனக் கண்டு 2011இல் நீக்கிவிட்டது. அமெரிக்கக் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் அக்கலவை 2001ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது. எனினும் ஆட்டிசம் கண்டறியப்படுவது குறையவில்லை. தட்டம்மை ஊசியின் மீதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அவ்வூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பில்லை என்று காட்டியது. தாம் தடுப்பூசிக்குப் பகைவர் அல்லர், பாதுகாப்பையே கோருபவர் என்பது கென்னடியின் விடை. ஆயினும் அவர் தம் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை.

இதன் விளைவு சிறிதன்று. சமோவாத் தீவில் 2018இல் செவிலியர் ஊசி மருந்தில் தவறான மருந்தைக் கலந்ததால் இரு சிசுக்கள் இறந்தன. மக்கள் அஞ்சினர், ஊசி போடுவது வெகுவாகக் குறைந்தது. 2019 ஜூனில் கென்னடி அங்குச் சென்று, ஊசியை எதிர்ப்போரையும் சந்தித்தார். அவ்வாண்டு பரவிய தட்டம்மையில் 83 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் சிறு குழந்தைகள். அவர் சென்றதே காரணம் என்று கூறிவிட இயலாது. அவரும் அதனை மறுக்கிறார். ஆனால் அச்சத்தில் உழன்ற மக்களுக்கு மேலும் ஐயத்தை ஊட்டுவது தீங்கு என்பதில் ஐயமில்லை.

2025 பிப்ரவரியில் அவர் அமெரிக்க சுகாதார அமைச்சரானார். அவ்வாண்டு ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவினர் 17 பேரையும் நீக்கினார். மருத்துவர் சங்கங்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தன.

ஆலைகள் உண்மையை மறைத்ததை ஆற்றங்கரையில் கண்டவர், மருந்து செய்வோரும் மறைப்பர் என்று ஐயுற்றது இயல்பே. ஐயம் விசாரணையின் தொடக்கம், அதுவே தீர்ப்பாகிவிடாது. ஒருவர் முன்பு மறைத்தார் என்பது, இன்றும் மறைக்கிறார் என்பதற்குச் சான்றாகாது. சாயக்கழிவு கிணற்றைக் கெடுக்கிறது என்று ஒருவர் கூறினும், ஊசி குழந்தையைக் கெடுக்கிறது என்று ஒருவர் கூறினும், நம் அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சோதனை முடிவு எங்கே? சொல்பவர் முன்னர் நற்பணி புரிந்தவர் என்பதற்காக அக்கேள்வியைக் கைவிடலாகாது.