தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கம்பைலர்

நாம் எழுதும் சி நிரலைக் கணினியின் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அதுவும் ஒரு நிரல்தான். அப்படியானால் அதை மாற்றித் தந்தது யார்? அதற்கு முன்பே இருந்த ஒரு கம்பைலர்! இந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட கம்பைலர் இது. லினக்ஸில் ஒரே கட்டளையில் ஆயத்தமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கணினி படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்பேன்.

முதலில் உங்கள் கணினியில் ஒரு சி++ கம்பைலர் இருக்க வேண்டும். 2013-ல் வந்த 4.8 பதிப்பு முதல் அது இல்லாமல் ஜிசிசியைக் கட்ட முடியாது. அடுத்து ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்கள். நிரலில் உள்ள மாறிலிகளைக் கம்பைலர் முன்கூட்டியே பிசகில்லாமல் கணக்கிட்டு வைக்க இவை தேவை. மூலநிரலோடு வரும் ஒரு ஸ்கிரிப்டே இவற்றை இறக்கித் தந்துவிடும்.

மூலநிரல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே கட்டாதீர்கள். பக்கத்தில் தனி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அங்கிருந்து ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். நிறுவும் இடமாக உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஓரிடத்தைக் கொடுத்தால், கணினியோடு வந்த பழைய கம்பைலருக்கு ஆபத்தில்லை. மொழிகளில் சி, சி++ இரண்டு போதும். 64 பிட் கணினியில் ‘மல்டிலிப்’ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 32 பிட் நூலகங்களைத் தேடி, கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும்.

பிறகு ‘மேக்’. பழைய மடிக்கணினி என்றால் சில மணி நேரம் ஓடும். இவ்வளவு நேரம் எதற்கு? ஜிசிசி தன்னை மூன்று முறை கட்டிக்கொள்கிறது. பழைய கம்பைலர் முதல் ஜிசிசியைக் கட்டுகிறது. அந்த முதலாவது, அதே மூலநிரலிலிருந்து இரண்டாவதைக் கட்டுகிறது. இரண்டாவது மூன்றாவதைக் கட்டுகிறது. முதலாவதும் இரண்டாவதும் வெவ்வேறு கம்பைலர்கள் கட்டியவை, அதனால் கோப்புகள் ஒத்துப்போகாது. ஆனால் மூலநிரல் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ள வேண்டும். அப்படியானால் அவை கட்டித் தரும் இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்கு பைட் பொருந்தியாக வேண்டும். இந்த ஒப்பீட்டில் தேறினால்தான் வேலை மேலே நகரும். ஒரு கம்பைலர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பு.

ஆனால் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட வஞ்சகத்தை இந்தச் சோதனை பிடிக்காது. பழைய கம்பைலரில் ஒளிந்திருக்கும் கள்ளக் கதவு, மூலநிரலில் தடயமே இல்லாமல் அடுத்தடுத்த கம்பைலர்களுக்குத் தொற்றிக்கொண்டே போகலாம் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் தம் டூரிங் விருது உரையில் விளக்கினார். 1984-ல் அது அச்சில் வந்தது.

கடைசியாக ‘மேக் இன்ஸ்டால்’. புதிய கம்பைலர் இருக்கும் பாதையை ‘பாத்’ மாறியின் முன்னால் சேர்த்துவிட்டு, பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். சி++ நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகியும் ஓட மறுத்தால், அது கணினியின் பழைய சி++ நூலகத்தை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். புதிய ஜிசிசியின் நூலக ஃபோல்டரை ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியில் குறிப்பிட்டால் ஓடிவிடும்.