உஷார்! ‘கம்ப்யூட்டரே நிரூபித்த’ சீன சுகர் மருந்து

சர்க்கரை நோய்க்குச் சீன மூலிகை வேலை செய்வதைக் கம்ப்யூட்டரே நிரூபித்துவிட்டது என்று சொல்லி யாராவது ஒரு டப்பாவை நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அதை நம்பி மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினை நம்பி வாழ்பவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

கம்ப்யூட்டர் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த முறைக்கு நெட்வொர்க் பார்மகாலஜி என்று பெயர். சீன மருத்துவத்தில் சுகருக்குக் கொடுக்கும் ஹுவாங்ச்சி வேரை எடுத்துக்கொள்வோம். 2014-ல் வெளியான டிசிஎம்எஸ்பி என்ற தரவுத்தளத்தில் அதன் பெயரைப் போட்டால், வேரில் உள்ள வேதிப்பொருள்களின் பட்டியல் வரும். வாயால் சாப்பிட்டால் 30 சதவீதமாவது ரத்தத்தில் சேரும் என்று கணிக்கப்பட்டவற்றை மட்டும் ஆய்வாளர் வைத்துக்கொள்வார். அவை உடலில் எந்தப் புரதங்களைத் தொடக்கூடும் என்று இன்னொரு மென்பொருள் ஊகிக்கும். சர்க்கரை நோயோடு தொடர்புள்ள மரபணுக்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பவற்றைக் கோடு போட்டு இணைத்தால் கலர் கலராக ஒரு வலைப்படம் கிடைக்கும். அவ்வளவும் ஒரு லேப்டாப்பில் சில நாளில் முடிந்துவிடும். ஒரு நோயாளியின் ரத்தம்கூட எடுக்கப்படுவதில்லை.

30 சதவீதம் என்ற அந்த முதல் சல்லடையிலேயே கோளாறு இருக்கிறது. ஹுவாங்லியான் என்ற மூலிகையில் உள்ள பெர்பெரின், அந்தத் தரவுத்தளத்தின் கணிப்புப்படி சுமார் 37 சதவீதம் ரத்தத்தில் சேர வேண்டும். எலிகளுக்குக் கொடுத்து அளந்தபோது கிடைத்ததோ 1 சதவீதத்துக்கும் கீழே! ஹுவாங்ச்சியின் தரத்தை எந்தப் பொருளை வைத்துச் சீனாவில் சோதிக்கிறார்களோ, அந்த அஸ்ட்ராகலோசைடு-4 இந்தச் சல்லடையில் தேறுவதே இல்லை. தேறி வருபவற்றில் ஒன்று குவெர்செடின். அது நம் வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் தாராளமாக இருக்கிறது.

கடைசியில் வரும் புரதங்களும் திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான்: ஏகேடி1, டிஎன்எஃப், ஐஎல்-6. உலகம் முழுக்க அதிகம் ஆராயப்பட்டவை என்பதால் அவற்றுக்கு எந்த வலையிலும் கோடுகள் அதிகம். புற்றுநோய், மூட்டுவாதம் என்று எதைத் தேடினாலும் அவையே முன்னால் வந்து நிற்கும். மூலிகை அந்தப் புரதத்தைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா என்று கோடு சொல்லாது. எவ்வளவு சாப்பிட வேண்டும், சிறுநீரகம் தாங்குமா, பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா, எதுவும் சொல்லாது. ஆய்வகச் சோதனை இல்லாமல் வலைப்படத்தை மட்டும் அனுப்பினால் பிரசுரிக்க மாட்டோம் என்று சில மருந்தியல் ஆய்விதழ்களே அறிவித்துவிட்டன. அப்படிப்பட்ட படத்தைத்தான் வியாபாரிகள் விளம்பரமாக்குகிறார்கள்.

என் பயமெல்லாம் டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றித்தான். லேபிளில் எழுதிய மூலிகையைத்தான் கம்ப்யூட்டர் ஆராயும்; உள்ளே ரகசியமாகக் கலந்ததை அது பார்க்காது. 2009 ஜனவரியில் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் போலி சுகர் கேப்சூல் சாப்பிட்டு இருவர் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது கிளைபென்கிளமைடு, ரத்தச் சர்க்கரையை வேகமாக இறக்கும் ஆங்கில மருந்து. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில், அதே மருந்து கலந்த ஆண்மை மாத்திரைகளால் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் லோ சுகரோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை.

வெளிப்படையாகவே கலந்ததும் உண்டு. சீனாவில் பிரபலமான சியாவ்கே மாத்திரையில், மூலிகைகளோடு ஒவ்வொரு உருண்டையிலும் 0.25 மில்லிகிராம் கிளைபென்கிளமைடு இருக்கிறது. ஒரு வேளைக்குப் பத்து உருண்டை சாப்பிட்டால் 2.5 மில்லிகிராம்! லேபிளைப் படிக்கத் தெரியாதவர், மூலிகைதானே என்று தன் வழக்கமான மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். வயதானவர் என்றால் தூக்கத்திலேயே நினைவு தப்பலாம்.

மூலிகையே வீண் என்று நான் சொல்லவில்லை. மல்பெரிக் குச்சியிலிருந்து எடுத்த ஆல்கலாய்டு மாத்திரைக்கு 2020-ல் சீன அரசு அனுமதி கொடுத்தது. 600 நோயாளிகளிடம் 24 வாரம், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்திருந்தார்கள். நிரூபணம் என்றால் அது. சென்னை கணித அறிவியல் நிறுவனமும் 4,000-க்கும் மேற்பட்ட இந்திய மூலிகைகளுக்கு ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. எந்தப் பொருளை முதலில் சோதிக்கலாம் என்று தேட அது நல்ல கருவி. நாளைக்கு அதைக் காட்டி யாராவது சிறுகுறிஞ்சான் கேப்சூல் விற்க வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மனிதர்களிடம் சோதித்தீர்கள்? எத்தனை நாள்? எதோடு ஒப்பிட்டு?

வீட்டில் பெரியவர்கள் இப்படி எதையாவது சாப்பிடுகிறார்களா என்று இன்றே விசாரியுங்கள். திட்டாதீர்கள், மறைத்துவிடுவார்கள். டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திடீரென வியர்வை, நடுக்கம் வந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். தெளிந்துவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கிளைபென்கிளமைடு கலந்திருந்தால், அது மணிக்கணக்கில் மறுபடி மறுபடி சர்க்கரையை இறக்கும். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.